நெட்டூரணி விலக்கில் நின்ற பெல்ட்

உண்ணாவிரதம் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் மாவு மில்லுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே இசக்கியம்மாள் இருந்தார். அரிசியும் மிளகாயும் திரித்துக் கொடுப்பது அவர் தொழில். பட்டினி கிடப்பது அவர் கல்வி. ரேஷன் கடைக்காகக் கிடந்தார். தெருவிளக்குக்காகக் கிடந்தார். பள்ளிக்கூடத்துக் கூரைக்காகக் கிடந்தார். எல்லாம் வந்தன. கூரை மட்டும் மறுபடி ஒழுகியது. அது பட்டினியின் குற்றமில்லை, காண்டிராக்டரின் குற்றம்.

தலைமுதல் கால்வரை மாவு படிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் திருநீறு பூசிய துறவி போல இருப்பார். கிட்டே போனால் மிளகாய் நெடி. ஞானம் தேடிப் போகிறவர்கள் முதலில் தும்மிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள்.

பரிபூரணமும் தும்மினார்.

அவர் கூட்டுறவுக் கிடங்கில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இசக்கியம்மாளைவிட நன்றாக மூத்தவர். வாலிபத்திலேயே பகுத்தறிவுத் துண்டுப்பிரசுரங்கள் படித்து, அரைஞாண் கயிற்றை அறுத்துக் கிணற்றில் எறிந்தவர். பேண்ட் போடாமல், சட்டையை உள்ளே விடாமல் தெருவில் இறங்கமாட்டார்.

"தங்கச்சி, நான் உண்ணாவிரதம் இருக்கப்போறேன். எப்படிப் பட்டினி கிடக்கணும்னு சொல்லிக்கொடு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பஸ்ஸுக்கு."

இசக்கியம்மாள் மில்லை நிறுத்தினார். பஸ் விஷயம் அவருக்கும் தெரியும்.

நெட்டூரணிக்குச் சாலை பிரியும் விலக்கில் பஸ் நிற்காது. நிறுத்தம் உண்டு, பலகை உண்டு, பலகையில் எழுத்தும் உண்டு. பஸ் மட்டும் நிற்காது. மேலத்தெருவில் ஆள் இல்லாவிட்டாலும் நின்று, ஒலி எழுப்பி, வாசல் வாசலாகப் பார்த்துவிட்டுப் போகும். விலக்கில் பிச்சிப்பூக் கூடையோடு பெண்கள் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். புழுதியைத் தந்துவிட்டுப் போகும். ஏன் என்று எந்த அதிகாரியும் விளக்கியதில்லை. ஏன் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. குழந்தைக்கே தெரியும்.

பெண்கள் மேலத்தெரு வரை கூடையைச் சுமந்து நடப்பார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். மொட்டு கூடையிலேயே வாய் திறந்துவிடும். வாய் திறந்த பூவைச் சந்தையில் வாங்கமாட்டார்கள். பரிபூரணத்தின் மனைவி செல்லக்கனியின் கூடையும் அதில் ஒன்று.

"சரி," என்றார் இசக்கியம்மாள். "மொதல்ல ஒரு நல்ல தோல் பெல்ட் தேடிட்டு வாங்க."

"பெல்ட்டா? நான் கேட்டது பட்டினி."

"அதைத்தான் சொல்லுதேன். முன்ன ஒரு தலைவர் இருந்தாரு. பேரு வேண்டாம், புள்ளைகுட்டி இருக்கு. கூலி உயர்வுக்கு உக்காந்தாரு. உண்மையாத்தான் கிடந்தாரு, பச்சத் தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடல. அதிகாரி பயந்துபோயி எறங்கி வந்தான். தலைவர் எந்திரிச்சு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. பேண்ட் எறங்கிட்டு."

"அய்யய்யோ."

"கூட்டம் சிரிச்சுது. அதிகாரியும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே ஜீப்ல ஏறிப் போயிட்டான்."

"கோரிக்கை?"

"அது பேண்டோட எறங்கிட்டுல்லா."

பரிபூரணம் அப்போதே கிளம்பினார்.

முதலில் கொண்டுவந்த பெல்ட்டில் ஒரு சிங்கம் இருந்தது. பக்கிள் முழுக்கச் சிங்கத்தின் முகம், உள்ளங்கை அகலம், தங்க முலாம். வாய் பிளந்திருந்தது.

இசக்கியம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை.

"போட்டுக்கிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். சிங்கம் வயிற்றைக் கடித்தது. எழுந்தார்.

"போட்டோ பிடிக்க வாரவன் யாரைப் பிடிப்பான்? உங்களையா, சிங்கத்தையா?"

பரிபூரணம் திரும்பிப் போனார்.

இரண்டாவது பெல்ட் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. கறுப்பாகப் பளபளத்தது. விற்றவன் அசல் தோல் என்று பெற்ற தாய்மேல் சத்தியம் செய்திருந்தான். இசக்கியம்மாள் அதை நடுவில் மடக்கினார். மடித்த இடத்தில் கறுப்பு உரிந்து, உள்ளே அட்டை எட்டிப் பார்த்தது.

"தோல் மாதிரியே பேசுது," என்றார். "மேடையில இப்படி நெறய பேர் உண்டு. வளைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

மூன்றாவது பெல்ட் உடனே கிடைக்கவில்லை. பரிபூரணம் கடைகடையாக ஏறி இறங்கினார். ஒன்றில் தோல் நன்றாக இருந்தது, பக்கிளில் கம்பெனிப் பெயர் கத்தியது. இன்னொன்றில் பக்கிள் அடக்கமாக இருந்தது, தையல் இப்போதே பல்லை இளித்தது. மனிதர்களைப் போலத்தான் என்று அவருக்குத் தோன்றியது. கிடங்கில் இருந்தபோது அவர் பார்த்த தலைவர்களும் ஒன்று அப்படி, ஒன்று இப்படி.

கடைசியில் மூடிப்போன பஞ்சாலையில் மேலாளர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டிலும் பீரோவும் போன பிறகு ஒரு மூலையில் பழந்துணி குவிந்து கிடந்தது. அதற்கடியில் இருந்தது.

அடர்ந்த பழுப்பு. ஒரே தோல், ஒட்டு கிடையாது. ஓரத்தை யாரோ பொறுமையாகத் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். விரலால் வழித்தால் எங்கும் தடுக்கவில்லை. தையல் எறும்பு வரிசை. பக்கிள் பித்தளை. நான்கு பக்கமும் நேர்க்கோடு, நடுவில் ஒரு முள். எழுத்து இல்லை, பூ இல்லை, சிங்கம் இல்லை.

இசக்கியம்மாள் அதை மடக்கினார், முறுக்கினார், மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். நுனியோர ஓட்டை மட்டும் இழுபட்டு நீண்டிருந்தது. மற்ற ஓட்டைகள் எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன.

"பஞ்சாலை மூடின வருசமும் ஆலைக்காரன் இந்த ஒரு ஓட்டையைத்தான் மாட்டியிருக்கான்," என்றார். "உள்ளே இருக்கிறதை ஒருத்தனும் தொடல. நல்ல பெல்ட்டு. ஆளுதான் சரியில்லாம இருந்திருக்கு."

அவரே அதைப் பரிபூரணத்தின் இடுப்பில் கட்டி, முள்ளை நுனியோர ஓட்டையில் மாட்டினார். பரிபூரணத்துக்கும் தொப்பை உண்டு.

"அண்ணாச்சி, ஒண்ணுதான் பாடம். இது சொல்லும்போது நீங்க அடுத்த ஓட்டைக்கு மாத்துங்க. நீங்க சொல்லி இது மாறக்கூடாது."

"அவ்வளவுதானா, ஆசானே?"

தங்கச்சி என்ற சொல் அத்தோடு போயிற்று.

பஸ் பணிமனைக்கு எதிரே பந்தல் போட்டார்கள். செல்லக்கனி வந்து, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ஒரு வேளை காப்பி ஆறிட்டுன்னா தெருவையே கூட்டுற மனுசன். இவுகளா பட்டினி கெடக்கப்போறாக?"

"நீ கூடையைப் பாரு. நான் கொள்கையைப் பாக்கேன்," என்றார் பரிபூரணம்.

கிடந்தார். அதைச் சொல்லியாக வேண்டும், உண்மையாகவே கிடந்தார். வயிறு முதலில் கெஞ்சியது, பிறகு திட்டியது, பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டது. பேண்ட் தளர்ந்தது. பெல்ட் சொல்லிற்று. அவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, முள்ளைக் கழற்றி அடுத்த ஓட்டையில் மாட்டினார்.

பூக்காரப் பெண்கள் குலவையிட்டார்கள்.

பரிபூரணம் வாழ்நாளில் தனக்காக ஒரு குலவை கேட்டதில்லை. கல்யாணத்தில் கேட்டது மாப்பிள்ளைக்காக. அது யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். இது அவருக்கே அவருக்கு. காதுக்குள் தேன் விட்டதுபோல் இருந்தது. பசிகூடச் சற்று அடங்கியது.

அன்றே, பெல்ட் ஒன்றும் சொல்லாதபோது, இன்னொரு ஓட்டை உள்ளே போனார்.

குலவை.

மறுநாள் டீக்கடையில், "இன்னைக்கு எத்தனாவது ஓட்டைவே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மைக்செட்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஆலை மேலாளர் ஆயுளில் தொடாத ஓட்டைகளைப் பரிபூரணம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பை பெல்ட்டுக்கு மேலே பாதி, கீழே பாதியாகப் பிரிந்து நின்றது. சட்டை மறைத்தது.

இசக்கியம்மாள் பார்க்க வந்தார்.

"பெல்ட்டு சொல்லிச்சா, நீங்க சொன்னியளா?"

"பெ... பெல்ட்டுதான், ஆசானே." மூச்சு நூலாக வந்தது.

இசக்கியம்மாள் ஒரு செம்பு தண்ணீரை அருகில் வைத்துவிட்டு மில்லுக்குப் போனார்.

அன்று நடுப்பகலில் பணிமனையின் கிளை மேலாளர் சாப்பிட்டுவிட்டு, பல்லில் குச்சியோடு வெளியே வந்தார். கூட்டம் திரண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பரிபூரணம் எழுந்தார். மூச்சை வெளியே விட்டார். கடைசி ஓட்டைக்கு இழுத்தார். முள் விழுந்தது.

முள்ளோடு அவரும் விழுந்தார்.

பந்தல் அலறியது. "செத்துட்டாரு, பஸ்ஸுக்காகச் செத்துட்டாரு!" என்று மைக்செட்காரர் யாரையும் கேட்காமல் அறிவித்தார். கிளை மேலாளரின் வாயிலிருந்து குச்சி விழுந்தது. விசாரணை, இடமாற்றம், ஓய்வூதியம் எல்லாம் அவர் கண்முன்னே வரிசையாக ஓடின. விலக்கில் எல்லா பஸ்ஸும் நிற்கும் என்று அந்த இடத்திலேயே ஆணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

அதன் பிறகுதான் டாக்டர் வந்தார். நாடியைப் பார்த்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முள்ளைக் கழற்றினார்.

"ஹா!" என்று பரிபூரணம் எழுந்து உட்கார்ந்தார்.

"பசியில்ல," என்றார் டாக்டர், மெதுவாக. "பெல்ட்."

வெளியே வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, ஒருவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் பரிபூரணம் மில்லுக்குப் போனார். முகம் சரியில்லை. பெல்ட் இப்போது அதற்குரிய ஓட்டையில் இருந்தது. உண்மைப் பட்டினி குறைத்த அளவு மட்டும்.

"ஆசானே, ஒரு சந்தேகம். பஸ்ஸை நிறுத்தினது பசியா, பெல்ட்டா?"

இசக்கியம்மாள் ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டினார்.

"குடிங்க. அதை டிரைவர்கிட்ட கேளுங்க."

மறுநாள் முதல் பஸ்ஸை ஓட்டி வந்தவர் ஐயாக்குட்டி. இத்தனை வருஷம் புழுதி தந்தவர்களில் முக்கியமானவர். விலக்கு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தார், தலையை நீட்டினார், அங்கே நின்ற பரிபூரணத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். காலை வெயிலில் பித்தளை ஒருமுறை மின்னியது.

பஸ் நின்றது.

"ஏறுங்க, பெல்ட் அண்ணாச்சி! உம்மோட எவன் மல்லுக்கட்டுவான்? திரும்பவும் விழுந்து தொலைச்சீருன்னா எனக்குல்லா மெமோ குடுப்பான்."

பரிபூரணத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அது கசக்கவில்லை, இனித்தது. அதுதான் கோளாறு.

தினமும் விடிந்ததும் விலக்குக்கு வந்துவிடுவார். பெண்களுக்கு முன்னால், சாலையோரம், ஒரு கை இடுப்பில். பஸ் நிற்கும். பெண்கள் ஏறுவார்கள். "மெதுவா, மெதுவா, நான் இருக்கேன்லா," என்பார். மாலையில் பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். வேறு ஊர்களிலிருந்து இரண்டு பேர் வந்து சால்வை போர்த்திவிட்டுப் போனார்கள். சால்வை பெல்ட்டை மறைத்தபோது ஒதுக்கி விட்டுக்கொண்டார்.

இப்படியிருக்கையில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. பரிபூரணம் முந்தின நாளே போனார். கறிச்சோறு சாப்பிட்டார். பெல்ட் சொல்லிற்று, ஒரு ஓட்டை வெளியே விட்டுக்கொண்டார். மறுநாள் பொழுது சாய வெற்றிலை போட்டபடி வீடு திரும்பினார்.

செல்லக்கனி ஒரு கூடையைக் கொண்டுவந்து அவர் மடியில் கவிழ்த்தார். அத்தனையும் விரிந்த பூ.

"என்ன இது?"

"கேக்கிறதைப் பாரு! பஸ்ஸு நிக்கல."

"ஆணை இருக்கே?"

"ஆணையைக் கையில வச்சு ஆட்டினோம். பாத்துட்டே போயிட்டான். அவன் நிறுத்துறது விலக்குக்கு இல்ல, உங்க இடுப்புக்கு."

மடியிலிருந்து மணம் மேலே வந்தது. விற்க முடியாத பூவுக்குத்தான் மணம் அதிகம். பரிபூரணம் வெற்றிலையை மெல்ல மறந்தார். வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்துக்கு அடியில், எங்கோ ஓர் ஓரத்தில், சற்றுச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவர் செல்லக்கனியிடம் சொல்லவில்லை. ஆசானிடம்தான் கொண்டுபோனார்.

தும்மினார்.

"ஆசானே, நான் இல்லேன்னா பஸ் நிக்க மாட்டேங்கு."

"கேள்விப்பட்டேன்."

"நான் ஒருத்தன் எத்தன நாளைக்கு நிக்க முடியும்? காய்ச்சல் வரும், காதுகுத்து வரும். நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா? எனக்குப் பெறவு இந்த ஊரு என்ன ஆகும்?" தானே தன் இரங்கல் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தவர் போல் இருந்தார். "அதான் ஒரு யோசனை. விலக்குல சிமெண்டுல ஒரு சிலை. எனக்கு ஆசையில்ல, ஊருக்காகத்தான். ஆளுயரத்துக்கு. ஒரு கை இடுப்புல."

"பெல்ட்டோடயா?"

"பெல்ட்டோடதான்."

"பெல்ட்டைக் கழத்துங்க."

"அளவெடுக்கவா?"

"கழத்துங்க, அண்ணாச்சி."

கழற்றிக் கொடுத்தார். பேண்ட் நழுவியது. சட்டென்று ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இசக்கியம்மாள் பெல்ட்டைச் சுருட்டி, மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மில்லை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் எவரும் எதுவும் கேட்க முடியாது.

மறுநாள் காலை பரிபூரணம் விலக்குக்கு ஓடிவந்தார். ஓடி என்றால், ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடிய அளவுக்கு.

பெண்கள் எல்லோரும் கூடையோடு நின்றிருந்தார்கள். எல்லோரும் முந்தானையை இறக்கி இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். இசக்கியம்மாளும் மாவு அப்பிய தலையோடு அங்கே நின்றிருந்தார். அவர் தோளில் கம்பில் சுற்றிய கொடி. அன்று தெருக்குழாய்க்காக நகராட்சிக்குப் போகிற நாள். பஸ் நின்றால்தான் போக முடியும்.

"பெல்ட் எங்க?" என்றார் பரிபூரணம்.

செல்லக்கனி சிரித்தார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ் வந்தது. ஐயாக்குட்டி தலையை நீட்டினார். பரிபூரணத்தின் இடுப்பைத் தேடினார். அங்கே கை இருந்தது, பித்தளை இல்லை. முகம் மலர்ந்தது. கால் ஆக்ஸிலரேட்டருக்குப் போனது.

"தம்பி!" என்று செல்லக்கனி சாலைக்கு ஒரு அடி இறங்கினார். "பெல்ட்ட எங்கன்னு தேடுதீரோ? இங்கதான் இருக்கு. எங்கள்ல ஒருத்தி இடுப்புல."

"யாரு இடுப்புல?"

"அதச் சொல்லுவாங்களா? நிறுத்தாமப் போய்ப் பாரும். நாளைக்கு எவ ஒருத்தி உம்ம டிப்போ வாசல்ல வந்து உக்காருதாளோ, அவ இடுப்புலதான்."

ஐயாக்குட்டி அந்த வரிசையைப் பார்த்தார். ஒரு முந்தானையிலிருந்து அடுத்த முந்தானைக்குப் போனார். கிழவியைப் பார்த்தார். கர்ப்பிணியைப் பார்த்தார். மாவு அப்பிய ஒருத்தரைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அத்தனை முகங்களும் ஒன்றுபோல் இருந்தன. எல்லாமே பட்டினி கிடக்கத் தெரிந்த முகங்கள்.

கால் பிரேக்குக்கு வந்தது.

"ஏறித் தொலைங்கம்மா எல்லாரும்."

கூடைகள் ஏறின. பரிபூரணம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு இடுப்பாகப் பார்த்தார். சொந்தப் பெண்டாட்டியின் இடுப்பில்கூட இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அன்று அவர் "மெதுவா" என்று சொல்லவில்லை. எல்லோரும் மெதுவாகத்தான் ஏறினார்கள்.

செல்லக்கனி படியில் நின்று பூக்கட்டும் வாழைநாரில் ஒரு கற்றையை நீட்டினார். "இந்தாங்க, இதச் சுத்திக் கட்டிக்கங்க. ஊரு சிரிக்கப்போகுது."

"பெல்ட் கட்டின இடுப்பு வாழைநார் கட்டாது."

"அப்ப பிடிச்சுக்கிட்டே கெடங்க."

கடைசியாக இசக்கியம்மாள் வந்தார். பரிபூரணம் குரலைத் தாழ்த்தினார்.

"ஆசானே. தேடி அலைஞ்சு கண்டெடுத்தது நான். பட்டினி கிடந்தது நான். விழுந்ததும் நான். பெல்ட்டு மட்டும் எல்லாருக்கும் சொந்தமாயிட்டு. இப்ப நான் என்ன பண்ணட்டும்? இங்க பாருங்க, கையை எடுத்தா மானம் போயிரும்."

இசக்கியம்மாள் பார்த்தார். பேண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையைப் பார்த்தார்.

"ஒரு கைதான அண்ணாச்சி போச்சு?" என்று தோளிலிருந்த கொடியை இறக்கி நீட்டினார். "மத்த கையில இதைப் பிடிங்க."